காதர் பாய் பார்த்துக் கொடுத்த எட்டு டாப்பெட்டுகள்

மோட்டார் மெக்கானிக் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம் பட்டறைப் பிள்ளைகள் மூன்று மாதமாக என்னை நச்சரிக்கிறார்கள். "பழைய கேம் ஷாஃப்ட்டைக் கையில எடுத்தாலே ஓடும், ஓடாதுன்னு சொல்லிடுவீங்களாமே மேஸ்திரி, அதை எழுதுங்க" என்கிறார்கள். இப்போது யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எஞ்சினைப் பிரித்தால் பழையதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டியில் வந்த புதுசை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் குற்றமில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். தேய்ந்த சாமானைக் கையில் வைத்துக்கொண்டு இது இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று வாக்குக் கொடுப்பது தூக்கம் கெடுக்கிற வேலை. நாற்பது வருஷம் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், பயந்தேன் என்றுதான் சொல்வேன். எல்லாப் பயத்துக்கும் மேலான ஒரு பயத்தை இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் எதிர்பார்க்கிற கதை இது இல்லை.

நான் மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டை போகிற வழியில் இருந்த ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சில வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். சில வருஷம் அடுத்தவர் முடுக்க, நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஃபிட்டர் ஆனேன். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது நடந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு பெண்கள். அடையாறு ஆற்றங்கரையில் குடிசை. காலம் முப்பதுகளின் தொடக்கம்.

பட்டறைக்கு முதலாளி மாட வீதிக்காரர், ஓர் ஐயர். நல்ல மனிதர். ஆனால் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரியாததை ஒத்துக்கொள்ளவும் மாட்டார். உள்ளே எல்லாம் மேஸ்திரி அப்துல் காதர்தான். திருவல்லிக்கேணியிலிருந்து தினமும் நடந்தே வருவார். காதர் பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காதில் கம்பியும் ஒரு காதில் நூலுமாகக் கட்டிய மூக்குக் கண்ணாடி. வைகிற வழக்கம் அவருக்கு இல்லை. தப்பு செய்தால் அந்தச் சாமானை எடுத்து நம் கையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். நாமாகச் சொல்லும்வரை நிற்பார். வசவே தேவலை என்று தோன்றும்.

அந்த வருஷம் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். மண் இழுக்கவும் மேடு தட்டவும் ஒரு கான்ட்ராக்டர் பழைய டிராக்டர் ஒன்றை வைத்திருந்தார். நாலு சிலிண்டர், மண்ணெண்ணெயில் ஓடுவது. புரட்டாசி மாதம் அதன் மூச்சு நின்றுபோய் நம் பட்டறைக்கு வந்தது. ஐப்பசி மழை இறங்கினால் ஏரிக்குள் யானைகூட நடக்க முடியாது. அதற்குள் வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். புது கேம் ஷாஃப்ட் கப்பலில் வர மூன்று மாதம் ஆகும். ஆகவே பழையதைப் போட்டு ஓட்ட முடியுமா, முடியாதா என்பதுதான் கேள்வி.

தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கேம் ஷாஃப்ட் என்பது ஒரு நீளத் தண்டு. அதில் எட்டு இடத்தில் முட்டையைப் படுக்க வைத்தது போல மேடு இருக்கும். ஒவ்வொரு மேட்டின் மேலும் ஒரு டாப்பெட் உட்கார்ந்திருக்கும். கட்டை விரல் நீளம், அடி மட்டும் ஆணித்தலை போல அகலம். தண்டு சுற்றும்போது மேடு டாப்பெட்டைத் தூக்கும், டாப்பெட் வால்வைத் தூக்கும். இரண்டு இரும்பும் வருஷக்கணக்காக உரசி உரசி ஒன்றுக்கொன்று பழகிப்போகும். பழகினது பழகினதோடு இருந்தால் தேய்ந்திருந்தாலும் ஓடும். இந்த மேட்டில் பழகிய டாப்பெட்டை அந்த மேட்டில் வைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். எட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதுதான் வம்பு.

காதர் பாய் அந்தத் தண்டை ஒரு காலை முழுக்கப் பார்த்தார். ஜன்னலோரம் இரண்டு மரக்கட்டையின் மேல் தண்டைப் படுக்க வைத்து, ஒவ்வொரு மேடாகத் துணியால் துடைத்து, வலது கட்டை விரல் நகத்தைக் குறுக்கே இழுப்பார். எங்கேயாவது விளிம்பு தட்டுப்பட்டால் நகம் நிற்கும். நின்றால் அந்தத் தண்டு போயிற்று. பிறகு மைக்ரோமீட்டரை எடுத்து மேட்டின் உயரத்தை இரண்டு தடவை அளப்பார். அளவு நகத்தோடு ஒத்துப்போனால் மட்டும் தலையை ஆட்டுவார். அடுத்து டாப்பெட். அதன் அடி பார்வைக்குத் தட்டை, ஆனால் நடுவில் மயிரிழை அளவு உப்பியிருக்க வேண்டும். எஃகு ஸ்கேலை அதன் மேல் செங்குத்தாக வைத்தால் ஸ்கேல் சீசா போல இலேசாக ஆட வேண்டும். ஆடாமல் நின்று, நடுவில் வெளிச்சம் கீறலாகத் தெரிந்தால் அடி குழிந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் அடியில் இருக்கிற தேய்மானம். வட்ட வட்டமாக இருந்தால் டாப்பெட் சுழன்றுகொண்டே வேலை செய்திருக்கிறது, நல்லது. ஒரே கோடாக இருந்தால் சுழலாமல் நின்று தேய்ந்திருக்கிறது, ஆகாது. எட்டும் பார்த்தார். எட்டிலும் வட்டம் இருந்தது.

பார்த்ததை வைப்பதற்கு எட்டு துளை போட்ட ஒரு பலகை வைத்திருந்தார். முதல் துளையிலிருந்து எட்டாவது வரை வரிசையாகச் செருகிவிடுவார். பலகையில் ஏறிவிட்டால் மறுபடி பார்ப்பதில்லை. "பலகையில கீதுன்னா பாத்தாச்சு, அவ்ளோதான்" என்பார். நாங்களும் அதில் கை வைக்க மாட்டோம்.

முதலாளி வந்தார். "என்ன காதர் பாய், ஓடுமா?"

"ஓடும் சாமி. ரெண்டு வருசம் பயமில்ல."

"உம்ம வாக்கை நம்பித்தான் அந்த மனுஷனுக்குச் சொல்லப்போறேன். பொறுப்பு உம்மோடது, பாத்துக்கொள்ளும்."

"என்னோடதுதான்."

முதலாளி போகும்போது அந்த மூக்குக் கண்ணாடியை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார். மேஸ்திரிக்குக் கண் மங்குகிறது என்று பட்டறையில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பியதோ தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்போதெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது மட்டும் உண்மை.

இரண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. அன்றைக்குப் பட்டறையில் அழுக்குச் சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. சுத்தியல், ஸ்பானர், பிரித்துப் போட்ட எஞ்சின் சாமான், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசைப்படுத்துவோம். அந்த வருஷம் அலங்காரம் என் பொறுப்பு. எனக்கு இந்த மாதிரி வேலையில் கொஞ்சம் ஜம்பம் உண்டு. எல்லாம் பளபளவென்று இருக்க, காதர் பாயின் பலகை மட்டும் எண்ணெய் ஏறிக் கறுப்பாக இருந்தது. சாமிக்கு முன்னால் இதை எப்படி வைப்பது என்று டாப்பெட்டுகளை உருவி, வாழையிலையில் அதே வரிசையில் நிற்க வைத்துவிட்டு, பலகையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் சாய்த்தேன். எட்டுக்கும் பொட்டு வைத்தேன். இலையில் அவை நிற்பது அழகாகவே இருந்தது. பலகை காய்வதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டது. கற்பூரத் தட்டை இறக்கி வைக்கும்போது என் முழங்கை பட்டது. நாலாவதும் ஐந்தாவதும் சாய்ந்து ஒன்றோடொன்று உருண்டன. சட்டென்று எடுத்து நிறுத்தினேன். எடுத்த நொடியில் எது எது என்று தெரிந்த மாதிரிதான் இருந்தது. கையை எடுத்த பிறகு தெரியவில்லை.

காதர் பாய் வழக்கம்போல வாசற்படிக்கு அந்தப் பக்கம் கை கட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தது கற்பூரத்தை. பொரி கடலை வாங்கிக்கொண்டு, "நல்லா வெச்சிக்கிற கன்னியப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூஜைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமியன்று மறுபூஜை போடும்வரை தொடக் கூடாது. அந்த ஒரு நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வீட்டில் சுண்டல் இறங்கவில்லை. "இன்னாய்யா, வவுத்து வலியா?" என்று என் சம்சாரம் கேட்டாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் முதல் ஆளாகப் போய் அந்த இரண்டையும் எடுத்தேன். இரண்டுமே புகை வெளியே போகிற வால்வுக்கானவை. தேய்மானம்கூட ஒரே மாதிரி. ஸ்கேலை வைத்தேன், இரண்டிலும் ஆடியது. மேட்டில் நீலச் சாயம் தடவி டாப்பெட்டை மேலே வைத்துச் சுற்றிப் பார்த்தேன். இப்படி வைத்தாலும் அடியில் சாயம் படிந்தது, மாற்றி வைத்தாலும் படிந்தது. காதர் பாயின் நகமாக இருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கும். அவரிடம் போய், பாய், இந்த இரண்டையும் கலைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரத்து வேலை. சொல்லவில்லை. சாமானைக் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாரே, அதை நினைத்துப் பயந்தேன். எது சரியென்று தோன்றியதோ அப்படியே பலகையில் செருகினேன். பலகை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பூஜைக்குக் கழுவியிருக்கிறான் என்று காதர் பாய் எடுத்துக்கொண்டார்; பலகையில் ஏறியதை மறுபடி பார்க்கிற வழக்கம்தான் அவருக்கு இல்லையே.

எஞ்சினைக் கோத்தோம். வால்வுக்கும் டாப்பெட்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளியைக் காதர் பாய் தன் கையாலேயே வைத்தார். ஓட்டினால் சத்தம் சுத்தமாக இருந்தது. கான்ட்ராக்டர் சிரித்த முகமாக ஓட்டிக்கொண்டு போனார். நான் மட்டும் தினமும் வேலை விட்டதும் வீட்டுக்கு நேராகப் போகாமல், தேனாம்பேட்டை வழியாக மாம்பலம் நடந்து, ஏரிக்கரை மேட்டில் நின்று அந்த எஞ்சினைக் கேட்டுவிட்டுப் போவேன். மண் சுமக்கிற பெண்கள் என்னை ஏதோ நிலம் வாங்க வந்தவன் என்று நினைத்து, "அந்த மூலை மனை மேடா கீது, அதை வாங்கு நைனா" என்று யோசனை சொல்வார்கள். ஐந்து நாள் ஒன்றுமில்லை. தப்பித்தோம் என்று அன்றைக்குக் குழந்தைகளுக்குப் பட்டாணி வாங்கிப் போனேன்.

ஆறாவது நாள் கேட்டது. இரைச்சலுக்கு அடியில் மெல்லிய டிக், டிக். ஓட்டுகிறவனுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அப்போதே ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருந்தால் தண்டாவது பிழைத்திருக்கும். நிறுத்து என்று சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். நான் திரும்பி நடந்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் எஞ்சின் நின்றது, மழையும் தொடங்கியது. நாலு ஜோடி மாட்டைப் பூட்டி அந்த டிராக்டரைச் சேற்றிலிருந்து இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினால் எண்ணெய் முழுக்க வெள்ளியாக மின்னும் இரும்புப் பொடி. நாலாவது மேட்டின் தலை மழுங்கிப்போயிருந்தது. அதன் டாப்பெட்டின் அடி கிண்ணம்போலக் குழிந்திருந்தது. ஐந்தாவதுக்கும் ஏறக்குறைய அதே கதி. கான்ட்ராக்டர் கத்திவிட்டுப் போனார். ஏரி வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று.

முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார். "காதர் பாய், இது நீர் பாத்ததுதானே?"

"நான் பாத்ததுதான்."

"ரெண்டு வருஷம்னு சொன்னீர்."

"சொன்னேன்."

காதர் பாய் அந்த டாப்பெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். என்னைக் கூப்பிட்டு என் கையில் வைப்பார் என்று நினைத்தேன். வைத்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அதைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு மேஜையில் வைத்துவிட்டு, "என் நகத்துக்குத் தெரியல சாமி. கண்ணுக்கும் தெரியல. வேற ஆள் பாத்துக்கோ" என்றார். மைக்ரோமீட்டரை அதன் பெட்டியில் போட்டு முதலாளியிடம் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே போனார். முதலாளி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மத்தியானம் வேலையை விட்டுவிட்டுத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் பாயில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி இல்லை. ஒரு துண்டால் கண்ணைக் கட்டியிருந்தார். எதிரில் அவர் மனைவி ஒரு தகரப் பெட்டியிலிருந்து பழைய டாப்பெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். காதர் பாய் அடியை நகத்தால் தடவுவார். "குழி" என்பார். அந்த அம்மா அதை இடது பக்கம் வைப்பார். "நல்லது" என்பார். வலது பக்கம் வைப்பார். சொன்னது சரியா தப்பா என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. வாசல் வெளிச்சம் அடிகளில் பட, அங்கே நின்ற எனக்குத் தெரிந்தது. சொன்னதெல்லாம் சரியாகவே சொல்லியிருந்தார் காதர் பாய்.

என்னைப் பார்த்ததும் அந்த அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். காதர் பாய் துண்டை அவிழ்த்தார்.

"வா கன்னியப்பா. இன்னா, புது மேஸ்திரி வந்துட்டாரா?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க பாய்."

"வீட்ல உக்காந்து சொல்லி இன்னா பண்றது. அந்தத் தண்டுல தெரியலியே."

நின்றபடியே சொல்லிவிட்டேன். பலகையைக் கழுவியது, இலையில் வைத்தது, முழங்கை பட்டது, சாயம் தடவிப் பார்த்தது, ஏரிக்கரையில் நின்று கேட்டது, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எந்த ரெண்டு?" என்றார்.

"நாலும் அஞ்சும்."

கொஞ்ச நேரம் கண்ணை மூடி, விரல் நுனியில் ஏதோ தேடுகிற மாதிரி இருந்தார். "அஞ்சுக்கு ஓரத்துல கொஞ்சம் தேய்மானம் சாஸ்தி. நாலுக்கு நடுவுல. எனக்கு ஞாபகம் கீது." பிறகு உள் பக்கம் திரும்பி, "கேட்டியா? நான் பாத்தது சரிதான். கலைஞ்சிபோச்சாம், அவ்ளோதான்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்குமுன் அவரிடம் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷம் என்னைக் கொன்றது. உள்ளேயிருந்து டீ வந்தது. குடித்தேன்.

"முதலாளிகிட்ட வந்து சொல்லுங்க பாய்" என்றேன்.

"நான் சொல்லக் கூடாது. தப்பிச்சிக்கிறதுக்கோசரம் கன்னியப்பனைக் காட்டிக் குடுத்தான்னு ஆவும். நீ சொல்லு. சொல்லிட்டீன்னா ஆள் அனுப்புவாரு, நான் வந்துடறேன்."

"நாளைக்கே சொல்றேன்."

"சொல்லு. வேலைய விட்டு உன்ன அனுப்பினா நான் பேசறேன்."

அவர் வாசல்வரை வந்து என்னை அனுப்பினார்.

மறுநாள் முதலாளி காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அதற்கடுத்த நாள் கான்ட்ராக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது. அதற்கடுத்த நாள் என் சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். அப்புறம் தீபாவளி. நல்ல நாளில் வேண்டாம் என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் பட்டறைக்குள் நுழையும்போது இன்றைக்கு என்று நினைப்பேன். திரும்பும்போது நாளைக்கு என்று நினைப்பேன். திருவல்லிக்கேணியில் ஒருவர் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன்.

கார்த்திகை மாதம் ஒரு காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். மைக்ரோமீட்டர் பெட்டி அவர் மேஜைமேல் இருந்தது. "கன்னியப்பா, வெளியிலேருந்து ஆளைக் கொண்டுவர எனக்கு இஷ்டமில்லை. நீ நிதானமானவன். இனிமே நீதான் மேஸ்திரி. கேமும் டாப்பெட்டும் நீ பாத்துச் சொல்றதுதான்" என்றார். இதுதான் சமயம் என்று வாயைத் திறந்தேன். "சரிங்க சாமி" என்று வந்தது.

மேஸ்திரியாக இருபத்தாறு வருஷம் இருந்தேன். எட்டுக்கும் தனித்தனியாக நூல் கட்டி எண் தொங்கவிடுவேன். ஒரு டாப்பெட்டை நாலு தடவை பார்ப்பேன். ஆயுத பூஜைக்கு எஞ்சின் சாமானைத் தொட்டால் வேலை போய்விடும் என்று மிரட்டுவேன். கன்னியப்பன் மேஸ்திரி எவ்வளவு ஜாக்கிரதை என்று ஊரெல்லாம் சொன்னார்கள். காதர் பாய் சைதாப்பேட்டையில் ஒரு பஸ் முதலாளியிடம் சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்கிற வேலைக்குப் போனார். கண் போன மேஸ்திரி என்று பேர் பரவிவிட்டதால் எஞ்சின் வேலையை யாரும் அவரிடம் கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து ஒரு தடவை மயிலாப்பூர் டிராமில் அவரைப் பார்த்தேன். எதிர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தேன், வண்டி நிற்கவில்லை. "கொழந்தைங்க நல்லா கீதுங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்கு பாய் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அவரும் இல்லை, முதலாளியும் இல்லை. இப்போது சொல்வதால் யாருக்கும் வேலை போகாது, யாருக்கும் வேலை திரும்பியும் வராது. பிள்ளைகள் மலரில் என் படத்தைப் போட்டு ஏதோ பட்டம் கொடுக்கப் போகிறார்களாம். படம் போட வேண்டாம். அந்த இடத்தில் இதைப் போடுங்கள்: அந்த டிராக்டரின் எட்டு டாப்பெட்டுகளையும் மேஸ்திரி அப்துல் காதர் சரியாகவே பார்த்தார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கலைத்தவன் நான், கன்னியப்பன்.